பன்னிரண்டு மணி போட்

புது போட்டின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போட் ஆபீசில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்களாம். கரண்டில் ஓடும் போட்டைக் கண்டாலே பிடிக்காத எஸ்டேட் பொம்பளை, கூட்டம் சேர்த்துக்கொண்டு கலாட்டா பண்ணினாள் என்று. பிடிக்காமல் என்ன? பழைய டீசல் போட்டில் பின்பக்கம் உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்க முந்தானையில் புகை நாற்றம்தான். என் மகள் அஞ்சுவை வயிற்றில் வைத்திருந்தபோது அந்தப் புகை தாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வாந்தி எடுத்தவள் நான். புகையில்லாத போட் வந்தால் எனக்குக் கசக்குமா?

எனக்குக் கோபம் வேறு. அதைச் சொல்கிறேன்.

மஞ்சக்கயம் அணையில் ஜனங்கள் போக வர நாலு படகுத் துறைக்கு நாலு போட் ஓடுகிறது. வண்டன்மேட்டிலிருந்து இறங்கிய பழைய ரோடு அணைத் தண்ணீரில் முங்கிப்போன காலத்திலிருந்து எங்களுக்கு ரோடு அதுதான். நாங்கள் குடியிருக்கும் லயம் இந்தக் கரையில். வேலை செய்யும் ஏலத்தோட்டம் அந்தக் கரையில். மலையைச் சுற்றி ஜீப்பில் போனால் பாதி நாள் போய்விடும், போட்டில் ஏறினால் கால் மணி நேரம். எஸ்டேட்டுக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் கிரெச்சும் இந்தக் கரையில், லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் பிள்ளையை அங்கே ஆயாவாக இருக்கும் அன்னமேரி அக்கா கையில் கொடுத்துவிட்டு போட் ஏற வேண்டும். கூடவே தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்கள் ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற நாளில் வந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கட்டும். பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

அதனால்தான் பன்னிரண்டு மணி போட். பால்குடிப் பிள்ளை இருக்கிறவர்களுக்கு மத்தியானம் பால் கொடுக்க எஸ்டேட்டில் நேரம் கொடுப்பார்கள். அது சட்டம், சும்மா தரவில்லை. பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரையில் ஏறினால் இந்தக் கரையில் இறங்கி, பால் கொடுத்து, இரண்டு வாய் சோறு தின்று, ஒரு மணி போட்டில் திரும்பிவிடலாம். அந்த நேரத்தில் வேறு ஆள் அநேகமாக ஏறுவதில்லை. நாலு தாய்மார்கள், ஐந்து தாய்மார்கள், அவ்வளவுதான். சில மாதம் இரண்டே பேர். ஆனாலும் போட் வரும்.

அந்த டிரிப்பில் எங்களிடம் டிக்கெட் கேட்க மாட்டார்கள். யார் ஆரம்பித்ததோ, ரொம்ப காலமாக அப்படித்தான். பால் கொடுக்கப் போகிறவளிடம் காசு வாங்குவது போட்டுக்கு ஆகாது என்று போட்டுக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. எங்கள் போட்டின் மாஸ்டர் சகாயம் அண்ணன் டிக்கெட் மெஷினைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அந்த டிரிப்பை எடுப்பார். அதற்குப் பதிலாக நாங்கள் ஒன்று செய்வோம். பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்து, பால் மறக்கடித்து, இனி மத்தியானம் வர வேண்டியதில்லை என்று ஆகும்போது, கடைசி நாள் ஒரு தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வைத்து போட்டில் கொடுப்போம். அண்ணன் வழித்துத் தின்றுவிட்டு, அடுத்த பிள்ளைக்கு எப்போது பொங்கல் என்று கேலி பண்ணுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

போன வருஷம் ஒவ்வொரு போட்டாகப் பட்டறைக்குப் போனது. பெரிய எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரி வைத்தார்கள். அவசரத்துக்கு ஒரு சின்ன டீசல் எஞ்சினும் உண்டு. ஹைப்ரிட் என்று சொன்னார்கள். எங்கள் போட் கடைசியாகப் போய், பச்சையும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். தண்ணீரில் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் அது வழுக்கிக்கொண்டு போனபோது, ஐயோ எவ்வளவு நல்லா இருக்கு என்று என் வாயால்தான் சொன்னேன். அஞ்சுவுக்கு அப்போது நாலாவது மாதம். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மறுநாள் துறையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேட்டரிக்கு மத்தியானம் சார்ஜ் ஏற்ற வேண்டியிருப்பதால் பன்னிரண்டு மணி டிரிப்பும் ஒரு மணி டிரிப்பும் நிறுத்தப்படுகின்றன.

முதலில் நான் நம்பவில்லை. ஏதோ ஒரு நாள் இரண்டு நாள் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரைத் துறையில் போய் நின்றோம், நானும் ஜெஸ்னாவும் இன்னும் மூன்று பேரும். ஜெஸ்னா எனக்கு அடுத்த லயம். அவள் பையன் டிஜோ என் மகளைவிட ஒரு மாதம் பெரியவன். அங்கே நின்று பார்த்தால் எதிர்க்கரையில் எங்கள் போட் நன்றாகத் தெரிகிறது. கம்பத்தில் இருந்து ஒரு தடித்த வயர் இறங்கி அதன் வயிற்றுக்குள் போகிறது. போட் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. என் மகள் அதற்குப் பின்னால், கிரெச்சில், பசியோடு கிடக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் போனால் அன்னமேரி அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அஞ்சு புட்டிப் பாலைத் துப்புகிறாளாம். சங்கில் ஊற்றினாலும் துப்புகிறாளாம். அழுது அழுது தொண்டை கட்டிப் போய், என்னைப் பார்த்ததும் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தாள். என் ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது.

மேனேஜரிடம் போனோம். பால் கொடுக்க நேரம் கொடுத்திருக்கிறேன், போட் விடுவது என் வேலையா என்று கேட்டார். கிரெச்சை அந்தக் கரைக்கு மாற்றுங்கள் என்றால், கட்டிடம் எங்கே என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போட் ஆபீசுக்கு நாங்கள் ஐந்து பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனோம். இந்த நாலு போட்டையும் மாற்றுகிற வேலை முழுக்க நிமி மேடம் பொறுப்பு. சின்ன வயசுதான். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்ற டிரிப்புகளுக்கு எல்லாம் கட்டம் கட்டமாக நிறம் ஏறியிருந்தது. பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நேரே வெள்ளையாகக் கிடந்தது. மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஒரு வருஷத்து டிக்கெட் நோக்கித்தான் சமயம் வச்சோம். உச்சைக்கு, மத்தியான டிரிப்பில யாத்ரக்காரங்க ஆருமே இல்ல, சேச்சி. சீரோ."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஜெஸ்னாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் திரும்பி வாசலில் நின்ற சகாயம் அண்ணனைப் பார்த்தாள். அவர்தான் எங்களை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஒரு வருஷம், ஒரு நாள் விடாமல் அந்த போட்டில் தாய்மார்கள் ஏறியிருக்கிறார்கள். மழையில் ஏறினோம், காய்ச்சலோடு ஏறினோம், ரவிக்கை நனைய ஏறினோம். அந்தக் கம்ப்யூட்டருக்கு நாங்கள் யாரும் ஏறவில்லை. போட் சும்மா காற்றை ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறது.

அண்ணன் அப்போது எல்லாவற்றையும் சொன்னார். மெஷினை ஆணியில் மாட்டியதைச் சொன்னார், பொங்கலைச் சொன்னார். நிமி மேடம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்காமல் ஆள் ஏற்றியது எழுத்தில் வந்தால் அண்ணன் வேலைக்கே ஆபத்து, அதனால் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன் என்றார். அண்ணனைக் காப்பாற்றினார், சரி. அதோடு எங்கள் சாட்சியும் போயிற்று. அந்தச் சின்ன டீசல் எஞ்சினை வைத்து மத்தியானம் ஓட்டலாமே என்று கேட்டேன். அது அவசரத்துக்கு மட்டும் என்றார். நோயாளி, தீ, எஞ்சின் கோளாறு, இதெல்லாம்தான் அவசரமாம். பிள்ளையின் பசி அதில் இல்லை. யாத்ரக்காரர்கள் உண்டு என்று டிக்கெட் காட்டினால் மேலே எழுதி டிரிப்பைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"ஓடாத போட்டுல எப்படி மேடம் டிக்கெட் எடுக்குறது? நீங்களே சொல்லுங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பும்போது போட்டில் சகாயம் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்றார். அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை. அன்றைக்கு எனக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை.

"அண்ணே, நீங்க எங்ககிட்ட அஞ்சோ பத்தோ வாங்கியிருந்தா இன்னைக்கு எம்புள்ள பட்டினி கெடக்க மாட்டா. ஒங்க புண்ணியத்துக்கு அவதான் அழுகுறா."

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்னேன், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். மத்தியானம் பன்னிரண்டு ஆனால் கடிகாரம் பார்க்காமலே மார் கனத்துவிடும். ஏலச்செடி மறைவில் போய் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவோம். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு செடியாக. எறும்பு வந்து மொய்க்கும். என் மகளுக்கு இல்லாத பால் எறும்புக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சினேன். ஒரு நாள் இடது மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. ராத்திரிக்குள் காய்ச்சல், குளிர். என் புருஷன் அருண்பாண்டி கம்பம்மெட்டுக்கு ஏலக்காய் ஜீப் ஓட்டுகிறவர். ஓட்டத்தைப் போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சீழ் கட்டியிருக்கிறது என்று கீறி எடுத்தார்கள். வரும்போது அவர் ஒரு மாவுப்பால் டப்பா வாங்கினார். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

காய்ச்சல் விட்டு எழுந்தபோது இடது பக்கம் வறண்டுவிட்டது. வலது பக்கமும் முன் மாதிரி இல்லை. அஞ்சு குடிப்பாள், பாதியில் விட்டுவிட்டுக் கத்துவாள். அடிக்கடி கொடு, கொடுத்தால் ஊறும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அடிக்கடி கொடுக்க நான் எங்கே இருக்கிறேன், அவள் எங்கே இருக்கிறாள்? நடுவில் தண்ணீர். தண்ணீரின் மேல் சார்ஜ் ஏறுகிற போட்.

இப்படி இருக்கும்போதுதான் புது போட்டைப் பார்க்க வெளியிலிருந்து பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தது. காலையில் நாங்கள் வேலைக்குப் போகும் போட்டிலேயே ஏறி, ஜனங்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்களாம். லயத்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வைத்து நான் ஜெஸ்னாவிடம் சொன்னேன், நாளைக்குப் பிள்ளையைக் கிரெச்சில் விடாதே, இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டுக்கு வா என்று. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரிடமும் அவளே போய்ச் சொன்னாள்.

புது போட் வந்த பிறகு ஒரு புதுச் சட்டம் உண்டு. ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு மிதவை ஜாக்கெட் மாட்டாமல் கயிறு அவிழ்க்கக் கூடாது. பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஜாக்கெட் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உண்டு. கைப்பிள்ளைக்குக் கிடையாது. அந்த போட்டில் கைப்பிள்ளை ஏறும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஐந்து பேரும் ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் காய் எடுக்கப் போகும் ஆட்கள் முழுக்க நிறைந்துவிட்டார்கள். ஆபீசர்கள் ஏறினார்கள், நிமி மேடம் ஏறினார். அவர் எங்கள் மடியைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. சகாயம் அண்ணன் தலை எண்ணிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் செருப்பைத்தான் பார்த்தேன். அவர் திரும்பிப் போய், தளர்த்தி வைத்திருந்த கயிற்றை எடுத்துத் துறைக் கம்பத்தில் மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"கைப்புள்ளைகளுக்கு ஜாக்கெட் இல்ல மேடம். தலைக்கு ஒண்ணு இல்லாம எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நான் எடுக்க மாட்டேன்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்ற குரல் அது.

மேடம் என்னிடம் வந்து குனிந்து, பிள்ளைகளை இறக்கிவிடச் சொன்னார். ஆபீசர்கள் முன்னால் இப்படிப் பண்ணாதீர்கள் என்றார். இறங்குகிறோம், பன்னிரண்டு மணிக்கு போட் உண்டு என்று இப்போதே சொல்லுங்கள் என்றேன். அது என் கையில் இல்லை என்றார். அப்படியானால் இறங்குவது என் கையில் இல்லை என்றேன். ஆபீசர்களில் ஒருவர் என்ன பிரச்சினை என்று இங்கிலீஷில் கேட்டார், மேடம் என்னவோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். வெயில் ஏறியது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. முந்தானையைப் போட்டுக்கொண்டு அங்கேயே பால் கொடுத்தோம்.

அஞ்சு வலது மாரில் வாய் வைத்தாள். இழுத்தாள், இன்னும் இழுத்தாள், பிறகு வாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து வீறிட்டாள். மறுபடி வைத்தேன், மறுபடி அதேதான். பக்கத்தில் டிஜோ மடக் மடக் என்று குடிப்பது எனக்குக் கேட்டது. இனி எனக்குப் பால் ஊறாது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து இறங்கவும் இல்லை. இறங்கினால் மற்ற நாலு பேரும் இறங்கிவிடுவார்கள்.

பிள்ளைகளின் அழுகைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு. அந்தக் கரையில் ஆள் வராததைப் பார்த்து மேனேஜர் போன் பண்ணினார். காய் பழுத்து நிற்கிறது, இன்றைக்கு எடுக்காவிட்டால் வெடித்து வீணாகும், நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று அவர் கத்தியது மேடத்தின் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. உடனே எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. தோட்டத்து முதலாளி பேசினார், மேலே யாரோ பேசினார். போன வாரம் வரை யார் கையிலும் இல்லாத டிரிப், ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் கையில் இருந்துவிட்டது. மத்தியானம் சின்ன எஞ்சினில் ஓட்டலாம், சோதனையாக மூன்று மாதம், ஆள் ஏறினால் தொடரும், ஏறாவிட்டால் நிறுத்தப்படும் என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் பிள்ளைகளோடு இறங்கினோம். பின்னால் ஆட்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் மகள் அழுததற்கு அசையாதவர்கள் ஏலக்காய் வெடித்துவிடும் என்றதும் அசைந்தார்களே, அதற்கு என்ன கை தட்டுவது?

உத்தரவு எழுத்தாகி வருவதற்குள் ஏலக்காய் இன்னொரு சுற்று பழுத்துவிட்டது, ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் வலது பக்கமும் நின்றுபோனது. மார் கனக்கவில்லை, ரவிக்கை நனையவில்லை. அஞ்சு புட்டிக்குப் பழகிவிட்டாள். பசிக்கு அவளும் என்னதான் செய்வாள்.

முதல் நாள் பன்னிரண்டு மணி போட் அந்தக் கரைக்கு வந்தபோது ஐந்து பேரும் ஏறினோம். என்னைப் பார்த்து ஜெஸ்னா, நீ எதற்கு என்கிற மாதிரி வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சகாயம் அண்ணனுக்கும் விஷயம் தெரியும். லயத்தில் எது மறையும்? மற்றவர்களுக்கு டிக்கெட் அடித்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்ததும் மெஷினைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பொங்கல் கெடையாதுண்ணே" என்றேன். "நான் மறக்கடிக்கல. ஒங்க போட் மறக்கடிச்சிருச்சு. டிக்கெட் அடிங்க. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு."

அடித்துக் கொடுத்தார்.

இந்தக் கரையில் இறங்கி மற்ற நாலு பேரும் கிரெச்சுக்கு ஓடினார்கள். நான் மெதுவாகத்தான் நடந்தேன், ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. அன்னமேரி அக்கா மடியில் அஞ்சு புட்டி குடித்துக்கொண்டிருந்தாள். அவளை வாங்கி என் மடியில் போட்டு, புட்டியை நானே பிடித்துக்கொண்டேன். புட்டியை விட்டுவிட்டு என் ரவிக்கைப் பக்கம் ஒரு தடவை முகத்தைத் திருப்பினாள். பிறகு தானாகவே புட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போதும் ஒவ்வொரு நாளும் ஏறுகிறேன். எங்கள் லயத்தில் இருக்கும் சோலையின் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், அவள் வேலைக்குத் திரும்பும்போது பன்னிரண்டு மணி போட் இருக்க வேண்டும். நானும் போகாவிட்டால் அந்த டிரிப்பில் ஒரு ஆள் குறையும். இன்னொரு பிள்ளை சோறு தின்ன ஆரம்பித்தால் இன்னொரு ஆள் குறையும். வெறும் வெள்ளைக் கட்டத்தை மறுபடி எங்கள் முகத்தின் முன்னால் திருப்பிக் காட்ட விட மாட்டேன். அதனால் நாளைக்கும் டிக்கெட் எடுப்பேன்.